மணி எட்டா, பத்தா? எட்டாம் வகுப்புப் பசங்களோடு ஆன்டீட்டம் போர்க்களம்

முதல் தடவை அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில் இருக்கும் ஆன்டீட்டம் போர்க்களத்துக்குப் போனது நானும் என் வீட்டுக்காரரும் மட்டும்தான். அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை. காருக்கு 20 டாலர் கட்டி உள்ளே போய் ஒரு மணி நேரம் சுற்றியதும் மனுஷர் கேட்டார்: "மக்காச்சோளக் காட்டைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்? எட்டயபுரம் ரோட்டுல வண்டியை விட்டா ரெண்டு பக்கமும் சும்மாவே பார்க்கலாமே." எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. ஏழு மாதம் கழித்து 46 பிள்ளைகளோடு அதே இடத்துக்கு மறுபடி போனேன். இது அந்த இரண்டாவது பயணத்தைப் பற்றிய விமர்சனம். அதற்கு முன்னும் பின்னும் வகுப்பில் பயன்படுத்திய இலவச வரைபடங்கள், ஆவணங்கள், படங்களையும் சேர்த்தே சொல்கிறேன். அவை கையில் இல்லாமல் போனால் என் வீட்டுக்காரர் கேட்ட கேள்விதான் மிஞ்சும்.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் பதினோரு வருஷம் வரலாறு நடத்தியவள் நான். இப்போது பரிமாற்ற ஆசிரியர் விசாவில் மேரிலாண்டில் எட்டாம் வகுப்புக்கு அமெரிக்க வரலாறு எடுக்கிறேன். இங்கே வசந்த காலத்தில் அமெரிக்க உள்நாட்டுப் போரின் (1861-65, அடிமை முறையை ஒட்டி வடக்கு மாநிலங்களும் தெற்கு மாநிலங்களும் மோதியது) ஒரு சண்டையை ஒவ்வொரு பிள்ளையும் ஆராய்ந்து எழுத வேண்டும். இந்தப் பக்கம் இருக்கிற நம்ம ஆட்கள் வீடுகளிலும் அந்த மாதம் சார்ட் பேப்பரும் பசையும் சண்டையுமாகத்தான் இருக்கும். அம்மா அந்தப் போரிலேயே பேர்போன சண்டையான கெட்டிஸ்பர்க் என்பார், அப்பா விக்கிப்பீடியா என்பார், பிள்ளை கட்டிலில் படுத்திருக்கும்.

கெட்டிஸ்பர்க்கைக் குறை சொல்லவில்லை. ஆனால் அது மூன்று நாள் சண்டை, மைதானம் முழுக்க 1,300-க்கு மேல் நினைவுச் சின்னங்கள். பதின்மூன்று வயசுப் பிள்ளை அங்கே இறங்கினால் திருவிழாக் கூட்டத்தில் கையை விட்ட மாதிரிதான். ஆன்டீட்டம் ஒரே நாள் சண்டை: 1862 செப்டம்பர் 17. தெற்குப் படையோடு ஜெனரல் லீ பொடோமாக் ஆற்றைத் தாண்டி மேரிலாண்டுக்குள் வந்தார். அவர் போட்ட உத்தரவின் ஒரு பிரதி, மூன்று சுருட்டைச் சுற்றிய காகிதமாக, ஃபிரடரிக் ஊர்ப் பக்கம் வயலில் கிடந்து வடக்குப் படைச் சிப்பாய்களின் கைக்குக் கிடைத்தது. எதிரியின் திட்டமே கையில் இருந்தும் வடக்குத் தளபதி மெக்கிளெல்லன் நிதானமாகத்தான் நகர்ந்தார். ஷார்ப்ஸ்பர்க் ஊருக்கு வெளியே இரண்டு படையும் மோதின. விடியலில் சோளக்காடு, அப்புறம் பள்ளப்பாதை, மத்தியானத்துக்குமேல் பாலம் என்று சண்டை வடக்கிலிருந்து தெற்காக இறங்குகிறது. மூன்று இடம், ஒரு பகல். பிள்ளையின் உள்ளங்கைக்குள் அடங்கும். மறுநாள் ராத்திரி லீ ஆற்றைத் தாண்டித் திரும்பிப் போனார். செப்டம்பர் 22 அன்று லிங்கன் அடிமை விடுதலைக்கான முன்னறிவிப்பை வெளியிட்டார். (அந்தச் சுருட்டுகளைக் கடைசியில் யார் பிடித்தார்கள் என்பதுதான் முதல் நாள் என் வகுப்பு கேட்ட கேள்வி.)

முதல் வருஷம் நான் செய்தது தப்பு. ஊரில் பழகிய பழக்கம்: காரணங்கள், போக்கு, விளைவுகள் என்று மூன்று தலைப்பு கொடுத்து எழுதச் சொன்னேன். எல்லாக் கட்டுரையும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி வந்தது. ஒரு பையன் மட்டும் அசத்தியிருந்தான். சார்லஸ் கிங் என்ற முரசு அடிக்கும் சிறுவன், வடக்குப் படையின் பென்சில்வேனியா 49-ஆவது ரெஜிமென்ட் (படைப்பிரிவு), இந்தச் சண்டையில் அடிபட்டு மூன்று நாள் கழித்து இறந்தவன், வயது பதின்மூன்று. அவன் அம்மாவுக்கு எழுதிய கடைசிக் கடிதம் என்று கட்டுரையில் முழுசாகப் போட்டிருந்தான். படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டால் ஃபோனில் இருக்கும் ஏதோ ஒரு செயலி 'தந்ததாம்'. அப்படி ஒரு கடிதம் எங்கேயும் கிடைக்கவில்லை. நானும் ஏமாந்தேன், அந்தப் பையனும் ஏமாந்தான். மதிப்பெண் குறைக்கவில்லை. அடுத்த வருஷம் திட்டத்தைத்தான் மாற்றினேன்.

இப்போது யாருக்கும் 'போர்' கொடுப்பதில்லை. ஒரு ஆள், அல்லது ஒரு வயல், அல்லது ஒரு மணி நேரம், அவ்வளவுதான். எந்த வரி எழுதினாலும் பக்கத்தில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: இதைச் சொன்னது யார், எப்போது சொன்னார், அன்றைக்கு அவருக்கு என்ன வேண்டியிருந்தது. மூன்றாவதில்தான் பசங்க திணறுவார்கள். நானும் திணறுவேன்.

பயணத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூடமாகப் போனால் முன்கூட்டியே விண்ணப்பித்து நுழைவுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்துகொள்ளலாம். தேசியப் பூங்காத் துறையின் இந்த வசதி பல ஆசிரியர்களுக்குத் தெரிவதில்லை. பார்வையாளர் மையத்தில் ஜேம்ஸ் ஹோப் வரைந்த பெரிய ஓவியங்கள் இருக்கின்றன. அவர் வெர்மான்ட் 2-ஆவது ரெஜிமென்டில் காப்டனாக இருந்த ஓவியர். சண்டை அன்று இங்கேயே இருந்து குறிப்புப் படங்கள் போட்டு, பின்னாளில் அவற்றைப் பெரிய ஓவியங்களாக்கினார். அங்கே பத்து நிமிஷத்துக்குமேல் நிற்க வேண்டாம். நேரமெல்லாம் வெளியேதான் வேண்டும்.

ரேஞ்சர் (பூங்காவின் வழிகாட்டி அலுவலர்) பேச்சைத் தவறவிடாதீர்கள். எங்களுக்குக் கிடைத்தவர் தேதி சொல்லித் தொடங்கவில்லை. சோளக்காட்டு ஓரத்தில் பிள்ளைகளை இரண்டு வரிசையாகத் தோளோடு தோள் நிற்க வைத்தார். பத்து அடி நடக்கச் சொன்னார். இரண்டு பேருக்கு ஒருவராகக் கையால் தொட்டு உட்கார வைத்துக்கொண்டே போனார். கடைசியில் நின்றவர்களைத் திரும்பிப் பார்க்கச் சொன்னார். தெற்குப் படையின் டெக்ஸஸ் முதலாவது ரெஜிமென்ட் இந்த 24 ஏக்கரில் பத்துக்கு எட்டுப் பேரைப் பறிகொடுத்தது என்று அதற்கப்புறம்தான் சொன்னார். மே மாத வெயிலில் அரை மணி நேரமாகச் சலசலத்துக்கொண்டிருந்த கூட்டம் அப்போதுதான் வாயை மூடியது.

'பறிகொடுத்தது' என்ற சொல்லையும் அங்கேயே பிரித்துவிட வேண்டும். இந்தச் சண்டையில் ஏறத்தாழ 23,000 பேர் என்று எல்லாப் பலகையும் சொல்லும். பசங்க எல்லாரும் அதைச் செத்தவர் கணக்காகவே எழுதுவார்கள். செத்தவர், காயம்பட்டவர், காணாமல்போனவர் மூவரும் சேர்ந்த தொகை அது. அன்றே செத்தவர் சுமார் 3,650. மீதிப் பேரில் எத்தனை பேர் அடுத்த வாரம், அடுத்த மாதம் புண் அழுகிச் செத்தார்கள் என்பது வேறு கணக்கு. சார்லஸ் கிங் அந்த வேறு கணக்கில்தான் வருகிறான்.

சோளக்காட்டுக்கு அந்தப் பக்கம் டன்கர் சர்ச் இருக்கிறது. வெள்ளைச் சுவர், கோபுரம் கிடையாது, போரே கூடாது என்ற ஜெர்மன் வம்சாவளிக் கிறிஸ்தவர்களின் கோயில். பிள்ளைகள் சுவரைத் தடவிப் பார்த்தார்கள். குண்டுத் துளை எங்கே என்று தேடினார்கள். கிடைக்காது. 1921-இல் புயலில் விழுந்து, 1962-இல் பழைய அஸ்திவாரத்தின் மேல் திரும்பக் கட்டியது அது. இதை முன்னாடியே சொல்லாமல் வைத்திருந்தேன். "அப்போ இது பொய்யா மிஸ்?" என்றது ஒரு குரல். எனக்குப் பாஞ்சாலங்குறிச்சி ஞாபகம் வந்தது. சின்ன வயசில் அங்கே கூட்டிப் போனபோது கட்டபொம்மன் நடந்த கோட்டை என்றே நினைத்துக்கொண்டு படியில் செருப்பைக் கழற்றியவள் நான். அது 1974-இல் அரசு கட்டியது என்று கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. பொய் என்று அந்தக் குரலிடம் சொல்லவில்லை. "எந்த வருஷத்துக் கட்டடம்னு எழுதிக்கோ" என்றேன்.

பண்ணைகளைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிள்ளைகளின் நல்ல ஆராய்ச்சி எல்லாம் அங்கிருந்துதான் வந்தது. ஜெனரல் கதை எடுத்தவர்களைவிடப் பண்ணைக் கதை எடுத்தவர்களே உருப்படியாக எழுதினார்கள். ரூலெட் பண்ணையில் குண்டு விழுந்து தேன்பெட்டிகள் உருண்டன. பென்சில்வேனியா 132-ஆவது ரெஜிமென்டின் புதுச் சிப்பாய்கள் துப்பாக்கிக் குண்டோடு தேனீக்கும் ஓடினார்கள். தேனீ என்றதும் எல்லாரும் சிரிப்பார்கள். அதே குடும்பத்தின் கைக்குழந்தை அடுத்த மாதம் டைபாய்டில் செத்ததையும், அவர்கள் நிலத்தில் 700 பிணம் புதைக்கப்பட்டதையும் அந்த மாணவி சேர்த்து வைத்தபோது சிரிப்பு நின்றது. கிணறு, பிணம், காய்ச்சல் என்று முடிச்சுப்போட அவள் கை பரபரத்தது. "அது உன் ஊகம், ஊகம்னு போட்டு எழுது" என்றேன். போட்டாள், சந்தோஷமில்லாமல்.

பக்கத்திலேயே மம்மா பண்ணை. வடக்குப் படைக் குறிவீரர்கள் புகுந்துகொள்ளக் கூடாது என்று தெற்குப் படைதான் அந்த வீட்டைக் கொளுத்தியது. வடக்குப் படை செய்த நஷ்டத்துக்கு அரசு ஈடு கொடுத்தது. மம்மாவுக்குக் கொடுக்கவில்லை, எரித்தது எதிரி என்பதால். 1906-இல் வட கரோலினாவிலிருந்து ஒரு பழைய சிப்பாய் ஷார்ப்ஸ்பர்க் தபால் அதிகாரிக்குக் கடிதம் எழுதினார்: அன்று உத்தரவின்படி ஒரு வீட்டை எரித்தோம், அது யாருடைய வீடு என்று தெரியுமா? கடிதத்தைப் பிரித்த தபால் அதிகாரியே சாமுவேல் மம்மா ஜூனியர், அந்த வீட்டுப் பிள்ளை. உங்கள் மேல் எங்களுக்குக் கோபமில்லை, நீங்கள் சிப்பாய், உத்தரவைச் செய்தீர்கள் என்று பதில் போட்டார். செயலி எழுதிக் கொடுத்த கடிதத்தைவிட இது மேல் என்று, போன வருஷம் ஏமாந்த அந்தப் பையனின் தம்பிதான் வகுப்பில் சொன்னான். இந்த வருஷம் அவன் என் வகுப்பில் இருக்கிறான்.

பாலத்துக்குப் பக்கத்தில் ஆட்டோ என்பவரின் பண்ணை. அங்கே அடிமையாக இருந்த ஹிலரி வாட்ஸன் முதுமையில் சொன்னதை ஓர் எழுத்தாளர் கேட்டு எழுதி 1915-இல் அச்சிட்டார். அந்தப் பக்கத்தை ஒரு கறுப்பின மாணவன் உரக்க வாசித்தான், பாதியில் நிறுத்திவிட்டான். வாட்ஸனின் பேச்சைக் கொச்சையாக எழுத்துக்கூட்டி அச்சிட்டிருந்தார்கள். "இவர் இப்படித்தான் பேசினாரா, எழுதினவர் காதுக்கு இப்படிக் கேட்டுச்சா?" என்றான். அதே புத்தகத்தில் வரும் வெள்ளைக்காரர்களின் பேச்சை எப்படி அச்சிட்டிருக்கிறது என்று பார்த்து வா என்று அனுப்பினேன். அவனுடைய கட்டுரை முழுக்க அதைப் பற்றியதாகவே மாறிவிட்டது. போரைப் பற்றி ஒன்றரைப் பக்கம்தான். நல்ல மதிப்பெண்ணே கொடுத்தேன். மேலதிகாரி ஒருவர் புருவத்தைத் தூக்கினார், தூக்கட்டும்.

பள்ளப்பாதை என்பது வண்டிச் சக்கரம் பல வருஷம் தேய்த்துப் பள்ளமாக்கிய மண் சாலை. தெற்குப் படை அதற்குள் பதுங்கி மூன்று மணி நேரம் பிடித்து நின்றது. இரண்டு பக்கமும் சேர்த்து 5,500 பேர் விழுந்தார்கள். கடைசியில் பதுங்கு குழியே பிணக்குழியாயிற்று. ஓரத்தில் ராணுவத் துறை 1890-களில் கட்டிய கல் கோபுரம் இருக்கிறது, ஏறினால் நிலத்தின் மேடுபள்ளம் தெரியும். கீழே நின்று பார்த்தால் சமவெளி மாதிரி இருக்கும் நிலம், மேலிருந்து பார்த்தால் சேலை மடிப்பு மாதிரி அலை அலையாக இருக்கிறது. ஒரு மடிப்பில் நிற்பவனுக்கு அடுத்த மடிப்பில் இருப்பவன் தெரியமாட்டான். "அதனாலதான் எல்லாரும் வேற வேற மாதிரி எழுதியிருக்காங்க" என்று ஒரு பெண் தானாகவே சொன்னாள். வகுப்பறையில் இரண்டு வாரம் சொல்லியும் ஏறாத விஷயம் இது.

அப்புறம் பர்ன்சைட் பாலம். கல்லால் ஆன மூன்று வளைவு, பன்னிரண்டரை அடி அகலம். எதிர்க்கரைக் குன்றில் தெற்குப் படையின் ஜார்ஜியாக்காரர்கள் சுமார் 500 பேர் இருந்துகொண்டு, வடக்கு ஜெனரல் பர்ன்சைடின் பெரிய படையை மூன்று மணி நேரம் கடக்கவிடவில்லை. மத்தியானம் ஒரு மணிவாக்கில்தான் பாலம் பிடிபட்டது. அந்தத் தாமதத்தால் சாயங்காலம் ஏ. பி. ஹில்லின் தெற்குப் படை ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியிலிருந்து 17 மைல் நடந்துவந்து சேர்ந்துவிட்டது. சேர்ந்து மூன்றே வாரமான கனெக்டிகட் 16-ஆவது ரெஜிமென்டை அது சிதறடித்தது, சண்டையின் போக்கே மாறியது. ஆகவே பர்ன்சைடுக்கு 'பாலத்தைத் தாக்கு' என்ற உத்தரவு எத்தனை மணிக்குப் போனது என்பது பெரிய கேள்வி.

இந்தக் கேள்வியை எடுத்தவன் வகுப்பில் கடைசி வரிசை, சிவப்புத் தொப்பி. பேனாவைவிடப் பந்தைத்தான் அதிகம் தொடுவான். அரசு வெளியிட்ட போர் ஆவணத் தொகுதிகள் 128 புத்தகம், இணையத்தில் இலவசம். ஆன்டீட்டம் வருவது முதல் வரிசையின் 19-ஆவது தொகுதியில். அதில் மெக்கிளெல்லனின் அறிக்கை இரண்டு இருக்கிறது. 1862 அக்டோபரில் எழுதியதில் உத்தரவு போனது பத்து மணிக்கு. 1863 ஆகஸ்ட்டில் எழுதியதில் எட்டு மணிக்கு. ஒரே ஆள், ஒரே உத்தரவு, இரண்டு மணி. பர்ன்சைடின் அறிக்கையோ செப்டம்பர் கடைசியில் எழுதியது, அதிலும் பத்துதான்.

தொப்பிக்காரன் முதலில் அச்சுப் பிழை என்று நினைத்து என்னிடம் வந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு அறிக்கைக்கும் நடுவில் இருக்கும் பத்து மாதத்தில் என்ன நடந்தது என்று பார்க்கச் சொன்னேன். நவம்பரில் லிங்கன் மெக்கிளெல்லனைப் பதவியிலிருந்து இறக்கியிருக்கிறார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் பர்ன்சைட். டிசம்பரில் ஃபிரடரிக்ஸ்பர்க்கில் பர்ன்சைட் பலமாக அடிவாங்கினார். அதாவது இரண்டாவது அறிக்கை எழுதும்போது மெக்கிளெல்லனுக்குத் தன் பேரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது, பழிபோட ஆளும் தயாராக இருந்தார். பையன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான். "மிஸ், இவர் ஹோம்வொர்க் லேட்டுக்கு நான் சொல்ற மாதிரியே சொல்றார்!"

பாலத்தின் மேல் நின்று எல்லாருக்கும் இதை அவனே விளக்கினான். ரேஞ்சர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார், இடையில் புகவில்லை. அவரை எனக்குப் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். எட்டு என்று நினைக்கவும் காரணம் இருக்கலாம், ஞாபகம் பிசகியும் இருக்கலாம் என்று எல் சால்வடார் குடும்பத்துப் பெண் ஒருத்தி எதிர்வாதம் செய்தாள். அவள் தாத்தா தங்கள் நாட்டு உள்நாட்டுப் போரைப் பற்றி ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி சொல்வாராம், அவருக்கு யார் மேலும் பழிபோட வேண்டியதில்லையாம். தொப்பிக்காரனிடம் அதற்குப் பதில் இல்லை. கட்டுரையில் அவள் சொன்னதையும் சேர்த்துக்கொண்டான்.

பாலத்தின் அருகே இரண்டு விஷயம். ஒன்று, சிக்கமோர் மரம். சண்டை முடிந்து சில நாளில் அலெக்ஸாண்டர் கார்ட்னர் எடுத்த படத்தில் அது ஒல்லியான கன்றாக நிற்கிறது. லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தளத்தில் அந்தப் படங்களைப் பெரிய அளவில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அச்செடுத்துக் கொண்டுபோய், படம் எடுத்தவன் எங்கே நின்றிருப்பான் என்று பிள்ளைகளைத் தேடவிட்டேன். அரை மணி நேரம் போனதே தெரியவில்லை. இதே கார்ட்னர் கெட்டிஸ்பர்க்கில் ஒரு பிணத்தை இடம் மாற்றி, துப்பாக்கி சாத்தி வைத்துப் படம் எடுத்தவர் என்பதைத் திரும்பும் வழியில்தான் சொன்னேன். நூறு வருஷத்துக்குமேல் யாருக்கும் தெரியாமல் இருந்து, 1970-களில் பாறைகளை ஒப்பிட்டுக் கண்டுபிடித்தார்கள். இரண்டாவது, மெக்கின்லி நினைவுத்தூண். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான அவர் அன்று 19 வயசுச் சார்ஜன்ட், சண்டைக்கு நடுவே சிப்பாய்களுக்குச் சுடச்சுடக் காபி கொண்டுபோய்க் கொடுத்தார். அதற்கு 1903-இல் கல்தூண். காபி கொடுத்தவருக்குச் சிலை என்றால் எங்க அம்மாவுக்கு எத்தனை சிலை வைக்க வேண்டும் என்று நான் கேட்டதை மொழிபெயர்த்துச் சொன்னேன், சுமாராகத்தான் எடுபட்டது.

இலவசப் பொருள்களில் எனக்கு முதலிடம் கார்மன் வரைபடங்களுக்கு. எஸ்ரா கார்மன் இந்தச் சண்டையில் நியூ ஜெர்சி 13-ஆவது ரெஜிமென்டின் கர்னல். பிற்காலத்தில் இரண்டு பக்கத்துப் பழைய வீரர்களுக்கும் கடிதம் எழுதி எழுதிக் கேட்டு, எந்த ரெஜிமென்ட் எந்த நேரத்தில் எங்கே நின்றது என்று 14 தாளில் குறித்தார். விடியலில் தொடங்கி மாலை வரை தாள் தாளாகப் புரட்டலாம். மைதானத்து இரும்புப் பலகைகளின் வாசகமும் அவர் வேலைதான். பலகை மொழி ராணுவ மொழி, ஒரே வாக்கியத்தில் ஏழு பிரிகேட் வரும், பிள்ளைகளுக்குத் தலை சுற்றும். வரைபடத்தை வைத்துக்கொண்டு பலகையை வாசித்தால் புரிகிறது. பலகையை மட்டும் வாசித்தால் எனக்கே புரியவில்லை.

இரண்டாவது இடம் எலியட் வரைபடம். 1864-இல் எஸ். ஜி. எலியட் எந்த வயலில் எத்தனை பேர் புதைந்திருக்கிறார்கள் என்று போட்டது. நியூயார்க் பொது நூலகத்தில் கிடந்து 2020-இல்தான் வெளி உலகுக்குத் தெரியவந்தது. 5,800-க்கு மேல் சவக்குழி, செத்த குதிரைக்குக்கூடத் தனிக் குறி. இதை விரித்துக் காட்டியபோது பசங்க கேட்ட முதல் கேள்வி, "இப்பவும் கீழே இருக்காங்களா?" அதற்கு அடுத்த நிறுத்தம்தான் பதில்: தேசியக் கல்லறை. வடக்குச் சிப்பாய்கள் 4,776 பேர், அதில் 1,836 பேருக்குப் பெயர் கிடையாது, எண் பொறித்த சின்னக் கல் மட்டும். தெற்குச் சிப்பாய்களுக்கு இங்கே இடமில்லை. அவர்களைப் பிறகு ஹேகர்ஸ்டவுன், ஃபிரடரிக், ஷெப்பர்ட்ஸ்டவுன் ஊர்க் கல்லறைகளுக்குக் கொண்டுபோனார்கள். ஏன் என்று நான் விளக்கவில்லை, அதுவே இரண்டு பேருக்குத் தலைப்பானது.

சிப்பாய் பெயரைத் தேடப் பூங்காத் துறையின் பெயர்ப் பட்டியல் தளம் போதும். 63 லட்சம் பதிவு. ரெஜிமென்ட் தெரியாமல் பெயரை மட்டும் போட்டால் ஒரே பெயரில் நாற்பது பேர் வருவார்கள், அதனால் ரெஜிமென்டிலிருந்து உள்ளே போங்கள். பழைய ஆவணம் காட்டுகிறேன் என்று மாதச் சந்தா வாங்கும் தளம் ஒன்றில் நானும் சேர்ந்தேன். இலவசம் என்று ஏழு நாள் விட்டு, எட்டாம் நாள் அட்டையிலிருந்து உருவிவிட்டார்கள். ரத்து செய்ய மூன்று தடவை ஃபோன். எட்டாம் வகுப்பு வேலைக்கு அது தேவையே இல்லை, மேலே சொன்னவை எல்லாம் காசில்லாமல் கிடைக்கின்றன.

இனி கை கால் விஷயம். நிழல் கிடையாது, தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். புல்லில் உண்ணி இருக்கும், சாக்ஸுக்குள் பேண்ட்டைச் செருகச் சொல்லுங்கள், வீட்டுக்குப் போனதும் முழங்காலுக்குப் பின்னால் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே சாப்பாட்டுக் கடை இல்லை. நான் எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு போனேன், ரேஞ்சருக்கும் ஒரு டப்பா கொடுத்தேன். ஊறுகாயைப் பார்த்ததும் பின்வாங்கிவிட்டார். சுற்றுப்பாதை எட்டரை மைல், 11 நிறுத்தம். எல்லாவற்றிலும் இறங்காதீர்கள். சோளக்காடு, ஒரு பண்ணை, பள்ளப்பாதைக் கோபுரம், பாலம், கல்லறை என்று ஐந்து போதும், அதற்கே நாலரை மணி நேரம் ஆனது. எங்கள் பேருந்து நாற்பது நிமிஷம் தாமதமாக வந்ததில் ஒரு பண்ணை போயிற்று. வாஷிங்டன் பக்கமிருந்து காரில் ஒன்றரை மணி நேரம், திரும்பும்போது நெரிசல் நேரம் என்றால் கணக்கே இல்லை.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், கையில் ஒரு கேள்வியோடு போகிறவர்களுக்கு நாலரை. சும்மா சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு என் வீட்டுக்காரர் கொடுத்தது இரண்டு, அதுவும் காற்று நன்றாக இருந்ததற்காகவாம்.

டிசம்பர் முதல் சனிக்கிழமை சாயங்காலம் மைதானம் முழுக்க 23,000 விளக்கு ஏற்றுகிறார்கள், காரில் முன்விளக்கை அணைத்துவிட்டு ஊர்ந்தபடி பார்க்க வேண்டும். வரிசை மைல் கணக்கில் நிற்கும் என்று சொல்கிறார்கள், ஃபிளாஸ்க்கில் காபி போட்டுக்கொண்டு போகலாம் என்றிருக்கிறோம். இதை வகுப்பில் சொன்னேன். ஒரு விளக்கு ஒரு செத்த ஆளுக்கா என்று ஒரு பிள்ளை கேட்க, நான் வாயைத் திறப்பதற்குள் கடைசி வரிசையிலிருந்து சிவப்புத் தொப்பி திருத்தியது: "இல்ல, அதுல மூவாயிரத்து அறுநூத்தி அம்பதுதான் அன்னிக்கே செத்தவங்க. மத்ததுல பாதிப் பேர் வீட்டுக்குப் போயிருப்பாங்க." பாதிப் பேர் என்று எங்கே படித்தாய் என்று கேட்டேன். தேடிக்கொண்டிருக்கிறான்.